துருவனும் அகத்தியரும் ஏறி இறங்கும் தராசு

தை மாதம், திருப்பத்தூரில் ஒரு கல்யாணம். காலை ஒன்பது மணி வெயிலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டப வாசலுக்கு அழைத்து வந்த சாஸ்திரிகள், வானத்தைக் காட்டி "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்டார். தெரிகிறது என்று இருவரும் தலையாட்டினார்கள். தில்லியிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன் மட்டும் வெகுநேரம் அண்ணாந்து தேடிவிட்டு என்னிடம் வந்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். "பொய்தானே சொல்கிறார்கள், மாமா?"

பொய்தான். சரி, ராத்திரி மொட்டை மாடியில் நிஜமாகவே காட்டுகிறேன் என்று சொல்லியும் வைத்தேன். ராத்திரி ஏறிப் பார்த்தால், மண்டபத்தின் முகப்பு முழுக்க சீரியல் விளக்கு. எதிர்க் கடையின் பெயர்ப்பலகை பால் நிறத்தில் எரிந்தது. தெருமுனைக் கம்பத்து எல்.இ.டி. நேராகக் கண்ணில் அடித்தது. சப்தரிஷி மண்டலத்தில் நான்கைந்து நட்சத்திரங்கள் தேறின. வசிஷ்டர் தட்டுப்பட்டார், பக்கத்தில் அருந்ததி இல்லை. அவ்வளவு மங்கலான நட்சத்திரத்தை இன்றைய ஊர் வானம் விட்டுவைப்பதில்லை. பகலில் சொன்ன அதே பொய்யை இரவிலும் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போதுதான் அவன் தன் சங்கதியை எடுத்தான். வகுப்புத் தோழன் ஒருவன் பூமி தட்டை என்கிறானாம். கைப்பேசியில் வீடியோக்களைக் காட்டி வாதாடுகிறானாம். "உருண்டை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்ததில்லையே. படத்தில்தானே பார்த்திருக்கிறேன்? அவனும் படம்தான் காட்டுகிறான்."

நியாயமான கேள்வி. தட்டை பூமி வீடியோக்களைப் பார்த்துச் சிரிக்கிற நம்மில் எத்தனை பேர், பூமி உருண்டை என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சியாக ஒன்றையாவது சொல்ல முடியும்? பாடப்புத்தகம் சொன்னது, விண்வெளிப் படம் காட்டியது என்போம். இரண்டும் இரவல். ஆனால் விண்கலமோ தொலைநோக்கியோ இல்லாத காலத்திலேயே மனிதர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அதற்கு அவர்களுக்கு வேண்டியிருந்தவை இரண்டு: கொஞ்சம் பயணம், அடிவானம் வரைக்கும் இருண்ட வானம். பயணம் நமக்கு எளிதாகிவிட்டது. அடிவானத்தைத்தான் தொலைத்துவிட்டோம்.

அந்தச் சாட்சியைச் சொல்ல இரண்டு நட்சத்திரங்கள் போதும். வடக்கே துருவ நட்சத்திரம். தெற்கே அகத்தியர் என்று நாம் சொல்லும், மேற்கத்தியர் கனோபஸ் என்று அழைக்கும் நட்சத்திரம். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது அதுதான். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கன்னியாகுமரியில் 8 டிகிரி, சென்னையில் 13, தில்லியில் 28.6. அகத்தியர் இதற்கு நேர் எதிர். தெற்கில் அவர் உச்சத்துக்கு வரும் நேரத்தில் கன்னியாகுமரியில் 29 டிகிரி, சென்னையில் 24, தில்லியில் 9 டிகிரிகூட இல்லை. ஒவ்வோர் ஊரிலும் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். எங்கே கூட்டினாலும் 37 டிகிரியும் சொச்சமும்தான் வரும். வடக்கே போகப் போகத் துருவன் ஏறுகிறான், அகத்தியர் இறங்குகிறார். தெற்கே வந்தால் தட்டு மாறுகிறது. 37 டிகிரி அட்சரேகையைச் சற்றே தாண்டினால் அகத்தியர் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவார், ஏதென்ஸ்காரர்கள் அவரைப் பார்க்கவே முடியாது.

சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் கயிலையில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது, அதைச் சமன்செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்ற கதை நமக்குத் தெரியும். அந்தக் கதைக்குள் வானியல் ஒளிந்திருக்கிறது என்று சாதிக்க மாட்டேன். அப்படிச் சாதிப்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். ஆனால் தெற்கே வர வர உயர்ந்துகொண்டே வரும் ஒரு நட்சத்திரத்துக்கு அந்த முனிவரின் பெயரை வைத்தவர், வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நட்சத்திரம் ஏறி இறங்குவது மட்டும் உருண்டைக்குச் சாட்சி ஆகிவிடாது. தட்டையான மைதானத்திலும் ஒரு விளக்குக் கம்பத்தை விட்டு விலகிப் போனால் அதன் உச்சி தாழ்ந்துகொண்டுதான் வரும். தட்டை பூமிக்காரர்கள் இந்த வாதத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆனால் மைதானத்தில் அது சம அளவில் தாழாது. அருகில் வேகமாகத் தாழும், தொலைவு கூடக் கூட மெதுவாகும், எவ்வளவு தூரம் போனாலும் தரைக்குக் கீழே மட்டும் இறங்காது. வானத்தில் நடப்பது வேறு. வடக்கு தெற்காக 111 கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி, எங்கே அளந்தாலும் ஏறக்குறைய அதே 111. கடைசியில் நட்சத்திரம் மூழ்கியும் விடுகிறது. வளைந்த பரப்பில் நடந்தால் மட்டுமே இப்படி அமையும். எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில நட்சத்திரங்கள் வடக்கே தெரிவதில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதியது இதைத்தான். பின்னால் வந்த கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் இதே அகத்தியரை வைத்துப் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். ரோட்ஸ் தீவில் அடிவானத்தை உரசிக்கொண்டு போகும் நட்சத்திரம், அலெக்ஸாண்ட்ரியாவில் வட்டத்தின் 48-இல் ஒரு பங்கு உயர்ந்து நிற்கிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட அளவு. நம் பக்கம் ஆரியபடர், எல்லாப் பக்கமும் இதழ் சூழ்ந்த கடம்பப் பூவைப் போல, பூமி உருண்டையின் எல்லாப் பக்கமும் உயிர்கள் சூழ்ந்திருக்கின்றன என்றார். பூமத்திய ரேகையில் இருப்பவர்களுக்கு இரு துருவங்களும் அடிவானத்தில் தெரியும் என்று சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் சொல்கிறது.

இது பண்டிதர்களின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. சோழமண்டலக் கரையின் மாலுமிகளிடம் இராப்பலகை என்று ஒரு கருவி இருந்தது. அரபு மாலுமிகள் கமால் என்றது இதையே. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிறு விறைக்கும்படி பலகையைக் கண்ணுக்கு முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள். பலகையின் கீழ் விளிம்பு கடல் விளிம்போடு ஒட்ட வேண்டும், மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு. எந்த ஊர் முடிச்சைக் கடித்தால் நட்சத்திரம் சரியாக உட்காருகிறதோ, அந்த ஊரின் நேருக்குக் கப்பல் வந்துவிட்டது, இனிக் கரையைப் பார்த்துத் திருப்பலாம். பூமியின் வளைவைத் துறைமுகம் துறைமுகமாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். பூமி தட்டையா உருண்டையா என்ற விவாதத்துக்கு அந்த மாலுமிக்கு நேரமும் இருந்திராது, தேவையும் இருந்திராது.

இந்தியாவில் இதன் மிக நுட்பமான அளவீடும் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளந்தார். நிலப்படம் வரைவது கம்பெனியின் தேவை. அவர் மனதில் இருந்ததோ பூமியின் வடிவம். உச்சிக்கு அருகே கடக்கும் நட்சத்திரங்களை இரவிரவாகப் பார்த்து அட்சரேகை கண்டு, இரண்டு இடங்களுக்கு இடையே தரையில் அளந்த தூரத்தோடு அதை ஒப்பிட்டார். கோணம் அளக்கும் தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கருவியைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, கருவி கோணிப்போன கதை தனியாகவே சொல்ல வேண்டியது. இப்படிப்பட்ட அளவீடுகள் உறுதி செய்தது என்னவென்றால், அந்த 111 எல்லா இடத்திலும் ஒரே 111 அல்ல. பூமத்திய ரேகையில் ஒரு டிகிரிக்கு 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7. துருவங்களில் பூமி சற்றே தட்டை. நடுவில் குறுக்களவு 43 கிலோமீட்டர் கூடுதல். தட்டை பூமிக்காரர்களுக்கு நாம் தரக்கூடிய தட்டை இவ்வளவுதான். இதெல்லாம் தொடங்கிய பரங்கிமலையின் அடிவாரத்தில் இன்று விமான நிலையம் இருக்கிறது, அதன் மேல் வானம் இரவெல்லாம் வெளுத்தே கிடக்கிறது.

மறுநாள் இரவு பையனை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனேன். காவலூருக்குப் போகும் பாதையில், சாமை அறுத்து வெறுமையாகக் கிடந்த ஒரு கொல்லையின் ஓரம் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தோம். கண் பழக இருபது நிமிடம் ஆனது. முதல் ஐந்து நிமிடம் பயந்தான், அடுத்த ஐந்து நிமிடம் குளிர்கிறது என்றான், பிறகு பேச்சே இல்லை. வடகிழக்கில் சப்தரிஷிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியை அவனே கண்டுபிடித்து, "இருக்கிறது, மாமா" என்றான். கல்யாணத்தில் சாட்சி சொல்லத் தகுதி பெற்ற ஒரே ஆள்.

அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நம் முஷ்டி வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். குழந்தைகளுக்கு முஷ்டி சிறிது, கையும் குட்டை, ஆகவே கணக்கு மாறாது. துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டிக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நின்றது. ஒன்பது மணி சுமாருக்கு அகத்தியர் நேர் தெற்கில், இரண்டரை முஷ்டி. தில்லியில் என்னவாக இருக்கும் என்று சொன்னேன். துருவன் மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு, அகத்தியர் ஒரு முஷ்டிகூட இல்லை. அங்கேயே தரையில் குச்சியால் கணக்குப் போட்டோம். சென்னைக்கும் தில்லிக்கும் துருவனின் உயர வித்தியாசம் 15.5 டிகிரி. இரண்டு ஊருக்கும் நேர் வடக்குத் தெற்காகத் தூரம் சுமார் 1,720 கிலோமீட்டர். 15.5 டிகிரிக்கு 1,720 என்றால் 360 டிகிரிக்கு? விடை நாற்பதாயிரத்தைத் தொட்டபோது அவன் முகத்தை இருட்டில் பார்க்க முடியவில்லை என்பதுதான் என் வருத்தம். (முதலில் ரயில் தூரமான 2,180-ஐப் போட்டு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டான். ரயில் நேராகப் போவதில்லை என்பது அவனுக்கே உறைத்தது.)

இந்தச் சோதனையை அவன் திருப்பத்தூர் மாடியிலோ என் சென்னை வீட்டு மாடியிலோ ஏன் செய்ய முடியவில்லை? ஒளி மாசு என்றதும் நட்சத்திரங்களின் எண்ணிக்கை குறைகிறது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். எங்கே குறைகிறது என்பதும் முக்கியம். தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது நாம் கடந்து பார்ப்பது ஒரு பங்கு காற்று என்று வைத்துக்கொண்டால், 13 டிகிரி உயரத்தில் பார்க்கும்போது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட காற்றைக் கடக்க வேண்டும். புகை, தூசி, கடற்கரை ஊர்களின் ஈரம் எல்லாம் அந்தத் தாழ்ந்த அடுக்கில்தான் மண்டியிருக்கின்றன. துருவ நட்சத்திரத்தின் வெளிச்சம் அதில் வடிகட்டப்பட்டு மங்குகிறது. நம் விளக்குகளின் வெளிச்சமோ அதே காற்றில் பட்டுச் சிதறித் திரை போலத் தொங்குகிறது. ஆகவே அடிவானம்தான் முதலில் பலியாகிறது, உச்சி கடைசியாக. துருவன் ஒன்றும் அவ்வளவு பிரகாசமானவனும் அல்ல. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களில் அவனைத் தம் வீட்டிலிருந்து பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எனக்கு இதுவரை ஒருவரும் அகப்படவில்லை. உலகளவில் இந்தத் திரை தடித்துக்கொண்டே போகிறது. 2011 முதல் 2022 வரை தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்த 51,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அலசி 2023-இல் வெளிவந்த ஆய்வு, வானத்தின் வெளுப்பு ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியதாகச் சொன்னது. 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் இன்று பிறக்கும் குழந்தைக்கு, பதினெட்டு வயதில் 100 தான் மிஞ்சும் என்பது அந்த வேகத்தின் பொருள்.

செயற்கைக்கோள்கள் காட்டிய வளர்ச்சி இதைவிட மிகக் குறைவு. ஒரு காரணம், அவற்றின் உணரிக்கு நீல ஒளி சரியாகத் தெரியாது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளோடு ஒப்பிட்டால், வெள்ளை எல்.இ.டி.யில் கலந்திருக்கும் நீலம் காற்று மூலக்கூறுகளில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சிதறும். பகலில் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். மின்சாரம் மிச்சமாகிறது என்று மாற்றினோம், மிச்சமானதைக் கொண்டு இன்னும் நாலு விளக்கு போட்டோம்.

விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம். நேர் மேலே போகும் ஒளி அடர்ந்த காற்றைச் சீக்கிரம் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். கிடைமட்டத்துக்குச் சற்று மேலே சாய்வாகப் போகும் ஒளியோ தாழ்ந்த காற்றிலேயே வெகுதூரம் தவழ்ந்து போய், போகிற வழியெல்லாம் சிதறும். உருண்டைக் கண்ணாடி விளக்கும், பக்கவாட்டில் சாய்த்து மாட்டிய ஃபோகஸ் விளக்கும் செய்வது இதைத்தான். மேலே மூடியிட்டுத் தரையை மட்டும் பார்க்கும் விளக்கு அதே தெருவுக்கு அதே வெளிச்சத்தைத் தரும், அடிவானத்தையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

அந்தக் கொல்லையிலும் வானம் முழுசாக இருண்டிருக்கவில்லை. வடமேற்கே வாணியம்பாடிப் பக்கம் மரங்களுக்கு மேலே ஒரு மங்கல் வெளிச்சம் கவிழ்த்த கிண்ணம் போல நின்றது. வடகிழக்கே அடிவானத்தை ஒட்டி இன்னொரு மெல்லிய வெளுப்பு. வேலூரா, அதற்கும் அப்பாலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "சென்னை இங்கிருந்து தெரியுமா, மாமா?" என்று கேட்டான். இதற்கும் பூமியின் வடிவம்தான் பதில் சொல்ல வேண்டும். சென்னை அங்கிருந்து சுமார் 165 கிலோமீட்டர். காவலூர் கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். அந்த உயரத்திலிருந்து பார்த்தாலும், இடையில் மலை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தரை வளைந்து இறங்கிவிடுகிறது. காற்று ஒளியைக் கொஞ்சம் வளைத்துக் கொடுப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சென்னையில் ஏறக்குறைய இருநூற்றைம்பது மீட்டர் உயரம் வரை எல்லாமே பூமியின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஒரு விளக்கும் தெரியாது. ஆனால் அந்த விளக்குகள் வெளுக்கவைத்த காற்று இருநூற்றைம்பது மீட்டரோடு நின்றுவிடுவதில்லையே. வளைவுக்கு மேலே தலை நீட்டும் அந்தக் காற்றைத்தான் வெளிச்சக் குடையாகப் பார்க்கிறோம். இரவில் கரை திரும்பும் மீனவர்கள் ஊர் விளக்குகளுக்கு முன்னால் ஊரின் வெளுப்பைப் பார்ப்பதும் இதே கணக்குத்தான். கடல் மட்டத்தில் நிற்பவருக்கு நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரின் மேல் அறுநூறு மீட்டர் காற்று மறைந்துவிடும், இருநூறு கிலோமீட்டர் என்றால் தூசி நிறைந்த அடுக்கு மொத்தமும் மறைந்துவிடும். பூமி தட்டையாக இருந்திருந்தால் இந்தத் தடுப்பும் இருந்திருக்காது, எந்த ஊரின் வெளுப்பும் அடிவானத்துக்குக் கீழே இறங்கியிருக்காது.

காவலூர் வானாய்வுக் கூடம் வந்ததே இந்த இருட்டுக்காக. வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தபோது, தெற்கு வானமும் தெரிய வேண்டும், ஊர் வெளிச்சமும் கூடாது என்று பார்த்தார்கள். அங்கே 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரே இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இப்போது சுற்றிலும் ஊர்கள் வளர்ந்துவிட்டன. இருட்டைத் தேடி லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லே வரை போக வேண்டியதாயிற்று. 2022-இல் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே கிராமத்தார் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள், வண்டிகளின் முகப்பு விளக்கைத் தாழ்த்தி ஓட்டச் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. புலியைக் காப்பகத்தில் வைப்பது போல இருட்டையும் காப்பகத்தில் வைத்துவிட்டால், ஊரில் அதைத் தேடாமல் இருக்க நமக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஹான்லேயின் தெற்கு அடிவானத்தில் அகத்தியர் எழும்புவதே நாலரை டிகிரிதான், அங்கே அதுவும் மலைக்குப் பின்னால். இந்தத் தராசைப் பார்க்க வசதியான நிலம் நம் கடலோரம்.

பூமியின் வடிவத்துக்கு ஊர் வெளிச்சத்தால் அழிக்க முடியாத சாட்சி ஒன்று மிஞ்சியிருக்கிறது, சந்திர கிரகணம். 2025 செப்டம்பர் 7 இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு பூமியின் நிழல் நிலவின் மேல் ஏறத் தொடங்கியது. நிழலின் விளிம்பு வளைவாக இருந்ததை, மேகம் மறைக்காத எந்தத் தெருவிலிருந்தும் பார்த்திருக்கலாம். எப்போது, எந்தத் திசையில் நிகழ்ந்தாலும் அந்த விளிம்பு வட்டம்தான். எல்லாப் பக்கத்திலிருந்தும் வட்ட நிழல் விழ உருண்டையால் மட்டுமே முடியும். ஆனால் கிரகணத்துக்கு நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டும். துருவன் தினமும் அங்கேயே நிற்கிறவன்.

பையன் தில்லி போய் இரண்டு வாரம் கழித்து அக்காளின் கைப்பேசியிலிருந்து அழைத்தான். மாடியில் நின்று பேசுகிறான் என்பது காற்றின் இரைச்சலில் தெரிந்தது. துருவ நட்சத்திரம் கிடைத்துவிட்டதாம். மூன்று முஷ்டிக்கு ஒரு விரல் குறைவு என்று அளந்து, வகுப்புத் தோழனையும் வரவழைத்து அளக்க வைத்தானாம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லையாம்.

"அகத்தியர்?"

"மூன்று நாளாகத் தேடுகிறேன், மாமா. தெற்கே ஒரு முஷ்டி உயரம் வரைக்கும் ஆரஞ்சு நிறமாகத்தான் இருக்கிறது."

அடுத்த கோடை விடுமுறைக்கு வருகிறேன் என்றான். மே மாதத்தில் அகத்தியர் மாலையிலேயே மறைந்துவிடுவார், தையில் வா என்று சொன்னேன்.